தாழ்ப்பாள் உள்பக்கம்: வாசகர் கேள்வி பதில்

எழுத்து, இசை, ஓவியம், கணக்கு என்று ஏதோ ஒன்றில் இறங்கியிருக்கும் வாசகர்கள் தனிமையைப் பற்றி அனுப்பிய கேள்விகளில் எட்டு இங்கே. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டோம்.

கூட்டுக்குடும்பம். மாமனார், மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள். கதை எழுத உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் யாராவது கூப்பிடுகிறார்கள். எனக்கென்று அறை கிடையாது. தனிமைக்கு நான் எங்கே போவது?
வாசகி, கும்பகோணம்

எழுத நினைக்கும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 500 பவுண்டு வருமானமும் பூட்டுப் போட்ட ஓர் அறையும் வேண்டும் என்று ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் எழுதினார். இரண்டும் இல்லாதவர்தான் நம் ஊரில் அதிகம். அவர்களுக்கு மிஞ்சுவது நேரம் ஒன்றுதான். அதற்குத்தான் பூட்டுப் போடவேண்டும்.

வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். விடிகாலை 4.30 முதல் 6 வரை பல வீடுகளுக்குச் சரிவரும். தண்ணீர் மோட்டார், பால், பள்ளிக்கூடப் பை எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆனால் முந்தைய இரவு 10 மணிக்குள் படுக்க முடிந்தால் மட்டுமே இதில் இறங்குங்கள். தூக்கத்திலிருந்து திருடிய நேரத்தில் முதல் வாரம் உற்சாகமாக எழுதுவீர்கள், மூன்றாம் வாரம் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவீர்கள். இரவு வேலை முடியவே 11 ஆகிறதென்றால், வீடு கண்ணயரும் மதியம் 2 முதல் 3.30 வரை பாருங்கள்.

வீட்டில் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில் பாதி காரியம் இருக்கிறது. “எழுதணும், தொந்தரவு பண்ணாதீங்க” என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். எது வரைக்கும் என்று அதில் இல்லை. “அத்தை, ஆறு மணி வரைக்கும் கூப்பிடாதீங்க, ஆறு மணிக்கு நானே காபி போட வந்துடறேன்” என்று சொல்லிப் பாருங்கள். சொன்னால் ஆறு மணிக்கு எழுந்துவிட வேண்டும், வாக்கியம் பாதியில் நின்றாலும். இரண்டு வாரம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினால், மாமியாரே பிள்ளைகளை அதட்டி நிறுத்துவார். பாதியில் எழுந்த வாக்கியத்தால் இன்னொரு லாபமும் உண்டு: மறுநாள் எங்கே தொடங்குவது என்று விழிக்க வேண்டியதில்லை.

நோட்டு, பேனா, ஒரு பாட்டில் தண்ணீர், நாளை எழுதப்போகும் காட்சியைப் பற்றி ஒற்றை வரி: இவை முதல்நாள் இரவே அதே இடத்தில் இருக்கட்டும். போன் வேறு அறையில். அலாரத்துக்குச் சாதாரண மேசைக் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மணி பார்க்க எடுத்த போனை யாரும் மணி மட்டும் பார்த்துவிட்டு வைத்ததில்லை. முதல் பதினைந்து நிமிடம் உட்கார முடியாமல் தவிப்பு வரும், அது உங்கள் குறையல்ல. 2014-இல் வெளியான வர்ஜீனியா பல்கலைக்கழகச் சோதனை ஒன்றில், கையில் எதுவுமில்லாமல் 15 நிமிடம் தனியே உட்காரச் சொன்னார்கள். விரும்பினால் பொத்தானை அழுத்தித் தங்களுக்கே மின்அதிர்ச்சி கொடுத்துக்கொள்ளலாம். 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அழுத்தினார்கள். சும்மா இருப்பது அவ்வளவு கஷ்டம். அந்த கால் மணி நேரத்தில் முந்தைய நாள் எழுதிய பக்கத்தைக் கையால் படியெடுங்கள். கை ஓடத் தொடங்கினால் மனசு பின்னால் வரும்.

வீடு இடம் கொடுக்காத வாரங்களில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. சென்னை, மதுரைப் பக்கம் வரும்போது அண்ணா நூற்றாண்டு நூலகமும் கலைஞர் நூற்றாண்டு நூலகமும். யாரும் பேசாத இடத்தில் பத்துப் பேர் நடுவே உட்காருவதும் தனிமைதான். சிலருக்குப் பூட்டிய அறையைவிட அது நன்றாகவே ஒத்துவருகிறது.

‘இனிது இனிது ஏகாந்தம் இனிது’ என்று ஔவையே சொல்லிவிட்டாரே, அப்புறம் என்ன விவாதம்?
வாசகர், திருநெல்வேலி

அடுத்த வரிகளையும் படியுங்கள். அதனினும் இனிது ஆதியைத் தொழுதல், அதனினும் இனிது அறிவினர்ச் சேர்தல் என்று பாட்டு ஏறிக்கொண்டே போகிறது. ஏகாந்தம் அதில் முதல் படி. படியிலேயே பாய் விரித்துப் படுப்பவர்களுக்கு ஔவையைத் துணைக்கு அழைக்க உரிமையில்லை.

பெங்களூரில் ஐ.டி. வேலை. ராஜினாமா செய்துவிட்டு, கொடைக்கானல் பக்கம் ஒரு வீடு வாடகைக்கு எடுத்து, ஆறு மாதம் யாரையும் பார்க்காமல் நாவல் எழுதி முடிக்கலாம் என்று இருக்கிறேன். என்னென்ன ஏற்பாடு செய்யவேண்டும்?
வாசகர், ஓசூர்

முதல் ஏற்பாடு, ராஜினாமாக் கடிதத்தைத் திரும்ப வாங்குவது. விடுப்பு எடுத்துப் பத்து நாள் போய்வாருங்கள். ஆறு மாதத்தில் என்ன கெடுமோ அதில் முக்கால்வாசி பத்து நாளிலேயே தலைகாட்டிவிடும்.

பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். முதல் இரண்டு நாள் தூக்கம், நடை, மூடுபனிக்குப் புகைப்படம். மூன்றாம் நாள் பயம் வரும்: ‘இதற்காகவா வந்தோம்?’ பலர் அன்றுதான் திரும்ப பஸ் ஏறுகிறார்கள். தாண்டிவிட்டால் நான்காம் நாளிலிருந்து எழுத்து ஓடும். எட்டு, ஒன்பது வாக்கில் வேறொரு சிக்கல். எழுதியதெல்லாம் அற்புதம் என்றோ எல்லாமே குப்பை என்றோ தோன்றும். இரண்டும் பொய், பேச்சுத்துணை இல்லாத மனசு தன் அளவுகோலைத் தொலைத்துவிட்டதன் அடையாளம். அந்த மனநிலையில் எதையும் கிழிக்காதீர்கள், எதையும் பதிப்பகத்துக்கு அனுப்பவும் அனுப்பாதீர்கள்.

காலக்கணக்கும் குழம்பும். மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர் 1962-இல் ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றில் கடிகாரம் இல்லாமல் இரண்டு மாதம் தனியாக இருந்தார். செப்டம்பர் 14-ஆம் தேதி ‘முடிந்தது, வெளியே வாருங்கள்’ என்றபோது, அவர் கணக்குப்படி அன்று ஆகஸ்ட் 20. உங்களுக்குக் குகை இல்லை. ஆனால் ஜன்னல்திரையை மூடிக்கொண்டு விடியும்வரை எழுதி, மதியம் இரண்டுக்கு எழுந்தால் ஒரே வாரத்தில் பாதிக் குகை வந்துவிடும். ஆகவே எழுந்ததும் முக்கால் மணி நேரம் வெளியில் நடக்க வேண்டும், வெயில் முகத்தில் படும்படி. இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சாப்பாடு. தனியாக இருப்பவர் மூன்று வேளையும் சமைப்பேன் என்று தொடங்கி, ஐந்தாம் நாள் பிஸ்கட்டிலும் காபியிலும் வந்து நிற்பார். காலைக்கும் இரவுக்கும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்: அரிசி ஒன்றரைக் கிலோ, பாசிப்பருப்பு அரைக் கிலோ, ரவை ஒரு கிலோ, முட்டை, வாழைப்பழம், ஊறுகாய். பத்து நாளைக்குத் தாராளம். மதியச் சாப்பாட்டை நடந்துபோகும் தூரத்தில் ஒரு மெஸ்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். வயிறும் நிறையும், நாளுக்கு ஒரு மனித முகமும் நிச்சயம். அமெரிக்காவில் 1907-இல் தொடங்கிய மெக்டவல் கலைஞர் உறைவிடத்தில் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள்: மதிய உணவு கூடையில் அவரவர் குடில் வாசலில் சத்தமில்லாமல் வந்து இறங்கும், இரவு உணவுக்கு எல்லோரும் ஒன்றாக உட்காருவார்கள். எந்த வேளை என்பது முக்கியமில்லை. ஒரு வேளையாவது பிறரோடு.

போவதற்கு முன் இரண்டு பேரிடம் முகவரியையும் வீட்டுக்காரர் எண்ணையும் கொடுங்கள். தினம் மாலை 7 மணிக்கு ஒருவரிடம் பத்து நிமிடம் பேசவேண்டும். ஒரு நாள் அழைப்பு வராவிட்டால் அவர் விசாரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். கையில் எடுத்துப்போக வேண்டியவை: வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரை (இருபது நாளைக்கு ஆகும் அளவு), டார்ச், பவர் பேங்க். எழுதியதை அன்றன்று பென் டிரைவிலும் ஒரு பிரதி. மலையில் மின்சாரமும் சிக்னலும் ஒன்றாகப் போகும். மது வேண்டாம். தனி வீட்டில் அது ‘ஒரு மாலைக்கு’ என்று வந்து மூன்றாம் நாள் மதியமே உட்கார்ந்துகொள்ளும்.

அமெரிக்க எழுத்தாளர் தோரோ வால்டன் குளக்கரையில் இரண்டு வருஷம் தனியே இருந்தாரே என்பீர்கள். 1845 ஜூலையில் அவர் குடியேறிய குடில் ஊரிலிருந்து ஒன்றரை மைல். ஓரிரு நாளைக்கு ஒரு முறை ஊருக்குள் நடந்து வந்துவிடுவார். குடிலில் நாற்காலி மூன்று: ஒன்று தனிமைக்கு, இரண்டு நட்புக்கு, மூன்று கூட்டத்துக்கு என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த வாழ்க்கையைப் பற்றிய புத்தகம் 1854-இல்தான் வெளிவந்தது. ஊருக்குத் திரும்பி ஏழு வருஷம் திருத்திய பிறகு.

பத்து நாள் முடிவில் எத்தனை பக்கம் தேறியது என்று எண்ணுங்கள். வீட்டில் வேலைக்குப் போய்க்கொண்டே எழுதும் பத்து நாளைவிட இரண்டு மடங்காவது இல்லையென்றால், உங்களுக்கு வேண்டியது மலை அல்ல. ஓசூரிலேயே கதவு மூடிய இரண்டு மணி நேரம்.

கணித மேதை ராமானுஜன் வழிகாட்ட ஆளில்லாமல் தனியே இருந்துதானே சாதித்தார்? குரு, குழு எல்லாம் எதற்கு?
கல்லூரி மாணவர், ஈரோடு

உங்கள் ஊரில் பிறந்தவர் என்பதால் இந்த உதாரணத்தை யாரும் உங்களிடமிருந்து பிடுங்க முடியாது. ஆனால் அது நீங்கள் நினைக்கும் பக்கம் மட்டும் சாயவில்லை.

தனிமை அவருக்குக் கொடுத்தது நிறைய. நிரூபணங்கள் அதிகமில்லாமல் ஆயிரக்கணக்கான சூத்திரங்களை அடுக்கிய பழைய ஆங்கிலத் தொகுப்பு ஒன்று பதினைந்து, பதினாறு வயதில் கையில் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு கும்பகோணத்தில் தனக்கென்று ஒரு வழி போட்டுக்கொண்டார். காகிதம் விலை அதிகம். சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். பாடத்திட்டத்துக்குள் இருந்திருந்தால் அந்த நோட்டுகள் அப்படி வந்திருக்காது.

எடுத்துக்கொண்டதும் நிறைய. ஐரோப்பாவில் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்த பலவற்றை, தெரியாமலே மறுபடி கண்டுபிடிப்பதில் அவருடைய இளமை கழிந்தது. தவறைச் சுட்டிக்காட்டவும் ஆளில்லை. குறிப்பிட்ட எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் உண்டு என்பதற்கு அவர் சொன்ன முடிவு, அவர் நம்பிய அளவு துல்லியமாக இல்லை. அதைப் பார்க்கத் தேவையான கருவிகள் அவர் படித்த புத்தகங்களில் கிடையாது. இதை அவரே உணர்ந்தவர் போலத்தான், சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது 1913 ஜனவரி 16-ஆம் தேதியிட்டு கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தனியே சாதித்தவர் தனிமையிலிருந்து வெளியே வரப் போட்ட கடிதம் அது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்ற கணக்கில் ஹார்டியும் அவரும் சேர்ந்து 1918-இல் வெளியிட்ட சூத்திரம், 200 என்ற எண்ணுக்கு 39,72,99,90,29,388 என்ற விடையைத் தந்தது. மக்மஹோன் என்பவர் கையாலேயே போட்டு வைத்திருந்த எண்ணும் அதுவே. ராமானுஜனின் ஊகமும் ஹார்டியின் நிரூபண வித்தையும் தனித்தனியே அங்கே போயிருக்க முடியாது.

இதே கேம்பிரிட்ஜில் இன்னொரு தனிமையும் அவரைத் தின்றது. உலகப்போர்க் காலம், சைவச் சாப்பாடு கிடைக்காத ஊர். தானே சமைத்து, நேரங்கெட்ட நேரத்தில் தின்று, விடிய விடிய வேலை செய்து, பிறகு பகலெல்லாம் தூங்கினார். நோய்வாய்ப்பட்டு மருத்துவமனைகளில் கிடந்தார். 1918-இல் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். கணக்கில் துணை இருந்தது, சோற்றில் இல்லை. 1920 ஏப்ரலில் இறந்தபோது வயது 32.

வயலின் கற்கிறேன். ஆசிரியர் வெளிநாட்டில், மாதம் இரண்டு வகுப்பு ஆன்லைனில். மற்ற நாளெல்லாம் தனியே ஐந்து மணி நேரம் அசுர சாதகம். முன்னேற்றம் நின்றுவிட்டது.
வாசகி, திருச்சி

ஐந்து மணி நேரமும் ஒரே தவறைச் சாதகம் செய்கிறீர்களோ என்று முதலில் பார்க்கவேண்டும். தனிச் சாதகத்தின் பெரிய ஆபத்து சோம்பல் அல்ல, கெட்டிப்படுதல்தான். இருபது முறை தவறாக வாசித்த பிடி விரலுக்குச் சரியான பிடியாகிவிடும். காதும் அதற்குப் பழகிவிடும். பிறகு அதைக் கழற்ற, கற்றதைவிட அதிக நாள் ஆகும்.

ஐந்து மணியை மூன்றாகக் குறையுங்கள். 45 நிமிடம் வாசிப்பு, 10 நிமிடம் ஓய்வு. இப்படி நான்கு சுற்று. முதல் சுற்று தம்புராவோடு நீண்ட வில்லில் ஸ்வரங்கள், வேறெதுவும் இல்லை. இரண்டாவதில் வரிசையும் வர்ணமும், முதல் காலத்தில் சுத்தமானால்தான் இரண்டாம் காலம். மூன்றாவது சுற்று உங்களுக்கு வராத இடத்துக்கு மட்டும். பலரும் வந்த இடத்தையே வாசித்து மகிழ்கிறார்கள். தனி அறையில் தடுக்க ஆளில்லை. நான்காவதில் ஒரு கீர்த்தனை முழுதாக, நிறுத்தாமல், போனில் பதிவு செய்துகொண்டு.

அந்தப் பதிவை அன்றே கேட்காதீர்கள். விரலின் நினைவு காதை ஏமாற்றும். மறுநாள் காலையில், வயலினைத் தொடுவதற்கு முன் கேட்டு, ஸ்ருதி விலகிய இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது காது உள்ள ஒருவர் எதிரில் உட்கார்ந்து வாசியுங்கள், மிருதங்கம் கற்பவர் கிடைத்தால் இன்னும் நல்லது. தனியே வாசிக்கையில் கஷ்டமான இடத்தில் தாளம் கொஞ்சம் நீளும், நமக்கே தெரியாது. பக்கத்தில் ஒருவர் தட்டினால் அன்றே அம்பலமாகிவிடும். இடது தோளிலோ கட்டைவிரல் அடியிலோ வலி இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் சாதகத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்க வேண்டாம்.

இந்துஸ்தானி மரபில் ‘சில்லா’ என்று நாற்பது நாள் தனித்திருந்து சாதகம் செய்வார்கள். அது வருஷக்கணக்கில் குருவின் எதிரில் உட்கார்ந்து பிழை தீர்ந்தவர்களுக்கு. தொடங்குபவர்களுக்கானது அல்ல.

குறும்படக் குழு நாங்கள், ஐந்து பேர். கதை விவாதத்துக்கு உட்கார்ந்தால் டீ தீர்கிறது, கதை வருவதில்லை.
வாசகர், வளசரவாக்கம்

யேல் பல்கலைக்கழகத்தில் 1958-லேயே சோதித்துவிட்டார்கள்: நான்கு பேர் கூடி யோசித்ததைவிட, நான்கு பேர் தனித்தனியே யோசித்து எழுதியதைச் சேர்த்தபோது யோசனைகள் அதிகம் தேறின. ஒருவர் பேசும்போது மற்றவர் தன் யோசனையை மறந்துவிடுகிறார், அல்லது கூச்சத்தில் முழுங்கிவிடுகிறார். முதலில் இருபது நிமிடம் ஐந்து பேரும் பேசாமல் தாளில் எழுதுங்கள். பெயர் போடாமல் தாள்களைக் கலக்கி ஒருவர் படிக்கட்டும். இயக்குநர் கடைசியில் பேசட்டும். டீ அதற்கப்புறம்.

மகனுக்கு 27 வயது. வீட்டிலிருந்தே படம் வரைந்து கொடுக்கும் வேலை. ஐந்து மாதமாக அறையைவிட்டு வருவதில்லை. கேட்டால் “கலைஞனுக்குத் தனிமை வேணும்மா” என்கிறான். விடுவதா, கவலைப்படுவதா?
தாய், சேலம்

அம்மா, கதவு மூடியிருப்பதைப் பார்க்காதீர்கள், அதன் பின்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். படம் வரைகிறாரா? முன்பு போல வேலையை முடித்து அனுப்புகிறாரா? வெளியே வரும்போது முகம் தெளிவாக இருக்கிறதா? ஆம் என்றால் விட்டுவிடலாம்.

வேலையும் நின்றிருக்கிறது, குளிப்பதும் குறைந்திருக்கிறது, இரவு பகல் மாறியிருக்கிறது, நண்பர்கள் அழைத்தால் எடுப்பதில்லை, பிடித்த சாப்பாட்டிலும் ருசியில்லை: இவற்றில் சில இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அது கலைஞனின் தனிமை அல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவம் உண்டு. தாழ்ப்பாளைப் போட்டவர் அவர்தான், ஆனால் திறக்கக் கை வராத நிலைக்குப் போயிருப்பார்.

“எத்தனை நாள் இப்படியே இருப்பே?” என்று தொடங்காதீர்கள். உறவினர் பிள்ளைகளை இழுக்காதீர்கள். தட்டை அறைக்குள் நீட்டுவதை மெல்ல நிறுத்தி, “நானும் இன்னும் சாப்பிடலைப்பா, வா” என்று கூடத்தில் இரண்டு தட்டு வையுங்கள். மறுத்தால் வற்புறுத்தாமல் மறுநாளும் வையுங்கள். கடைக்குப் போவது, பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது போன்ற சின்ன வேலைகளில் துணைக்குக் கேளுங்கள்; அறிவுரைக்கு வராதவர்கள் உதவிக்கு வருவார்கள்.

14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, நீங்களே பேசலாம். இலவசம், எந்த நேரமும், தமிழில். பாதிக்கப்பட்டவர்தான் பேசவேண்டும் என்றில்லை. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்கிற மாதிரிப் பேச்சு ஒரு முறை வந்தாலும் காத்திருக்காதீர்கள். செத்துவிடத் தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. அன்று அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

துயரமும் தனிமையும் இருந்தால்தான் பெரிய கலை பிறக்கும், வான்கோவே சாட்சி என்கிறார் என் நண்பர். உண்மையா?
ஓவிய மாணவர், புதுச்சேரி

வான்கோ உங்கள் நண்பருக்கு எதிர்த்தரப்புச் சாட்சி. தம்பி தியோவுக்கு அவர் எழுதியவற்றில் 650-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்று இருக்கின்றன. தனிமையை விரும்பியவர் அப்படி எழுதமாட்டார். 1888-இல் ஆர்ல் ஊரில் மஞ்சள் வீட்டை அவர் வாடகைக்கு எடுத்ததே ஓவியர்கள் கூடி வாழ ஓர் இடம் வேண்டும் என்ற ஆசையில்தான். ஓவிய நண்பர் கோகன் அக்டோபரில் வந்தார். இருவரும் ஒரே கூரையின் கீழ் முட்டிக்கொண்டார்கள். டிசம்பரில் காது அறுந்த கதை ஊரறிந்தது. நோய் முற்றிய வாரங்களில் பெரும்பாலும் அவரால் தூரிகையைத் தொட முடியவில்லை. படங்கள் பிறந்தது நோய் விட்டுக்கொடுத்த இடைவெளிகளில்.

அவர் தேடியதற்குப் பக்கத்தில் வந்த ஒன்று உங்கள் ஊரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடும் சக ஓவியர்களோடும் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம். பாத்திக் போன்ற கைவினைப் பொருள்களைக் கூடிச் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள். வீடும் பட்டறையும் அவரவருக்கு, காட்சிக்கூடம் பொதுவில். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள். நண்பரையும் கூட்டிக்கொண்டு.